மூடியைத் தட்டிப் பார்த்து வாங்குங்கள்: கோடை உலாவுக்கான கேள்வி-பதில்

கேள்வி: குடும்பத்தோடு வெளியே போகும்போது எடுத்துப்போக 25 லிட்டர் ஐஸ் பெட்டி வாங்கினோம். 'மூன்று நாள் ஐஸ் நிற்கும்' என்று அட்டையில் போட்டிருந்தது. காலையில் போட்ட ஐஸ் சாயங்காலத்துக்குள் தண்ணீராகிவிட்டது. பெட்டி மோசமா, நாங்கள் வைத்த விதம் தவறா?

பதில்: இரண்டிலும் பங்கு இருக்கும். அட்டையில் போடும் நாள் கணக்கு பெரும்பாலும் பெட்டி நிறைய ஐஸை மட்டும் அடைத்து, மூடியைத் திறக்காமல் வைத்துப் பார்த்த கணக்கு. நீங்கள் வைத்தது பாதி ஐஸ், பாதி பாட்டிலாக இருக்கும். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்தும் இருப்பார்கள்.

வைத்த விதத்தை முதலில் பார்ப்போம். 1 கிலோ ஐஸ் முழுதும் உருகினால், 30 டிகிரியில் இருக்கும் தண்ணீர் ஏறக்குறைய 3 லிட்டரை 5 டிகிரிக்குக் கொண்டுவரும். அதற்கு மேல் அதனிடம் சரக்கு இல்லை. குளிர வைக்காத பாட்டில்களாக 6 லிட்டர் அடுக்கினால், 2 கிலோ ஐஸ் அவற்றைக் குளிரவைக்கவே போய்விடும். போகிற வழியிலேயே பாதி ஐஸ் காலி. ஆகவே உள்ளே போகும் எதுவும் முந்தின இரவே ஃபிரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். பெட்டியும் அப்படித்தான். மொட்டை மாடி அறையிலோ கார் டிக்கியிலோ கிடந்த பெட்டியின் சுவரே சூடாக இருக்கும். இரண்டு பாட்டில் ஐஸை அதில் போட்டு இரவு மூடி வையுங்கள், காலையில் அதை எடுத்துவிட்டுப் புது ஐஸ் போடுங்கள்.

பெட்டியை எடைபோடும் வழி மூடியில் இருக்கிறது. விலை குறைந்த பல பெட்டிகளில் சுவருக்குள் ஃபோம் நிரப்பியிருப்பார்கள், மூடியை வெறும் கூடாக விட்டிருப்பார்கள். விரல் முட்டியால் சுவரைத் தட்டுங்கள், பிறகு மூடியைத் தட்டுங்கள். சுவர் 'தொப்' என்றும் மூடி 'டொக்' என்றும் ஒலித்தால் மூடிக்குள் காற்றுதான். அடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பட்டை அழுந்தவில்லை. நான்கு பக்கமும் பாருங்கள். கீல் இருக்கும் பக்கத்தில்தான் பெரும்பாலும் இடைவெளி விழும். கடைசியாக, தண்ணீர் வடிக்கும் திருகைக் கழற்றி உள்ளே வாஷர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லாத பெட்டி காரின் தரை விரிப்பை நனைக்கும்.

ஏற்கெனவே வாங்கிய பெட்டியின் மூடி கூடாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். யோகா பாய் போன்ற மூடிய துளை ஃபோமை உள்ளளவுக்கு வெட்டி, பொருள்களுக்கு மேலே படுக்க வையுங்கள். அது இல்லையென்றால் தடித்த துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போடலாம். ஒரு நாள் பயணத்துக்கு இதுவே போதும். அதே ஒரு நாள் பயணத்துக்கு, சுவரும் வெறும் கூடாக இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியைவிடத் தடித்த தெர்மகோல் பெட்டியே நன்றாகத் தாங்கும். ஓரம் உடையும், அழகாக இராது, அவ்வளவுதான் குறை.

கேள்வி: ஐஸை எப்படி அடுக்குவது? உருகிய தண்ணீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டுமா?

பதில்: குளிர்ந்த காற்று கீழே இறங்கும். அதனால் ஐஸ் முழுவதையும் அடியில் போடாமல் பாதியை மேலேயும் வையுங்கள். பெரிய கட்டி மெதுவாக உருகும், சின்னத் துண்டுகள் வேகமாகக் குளிரவைக்கும். இரண்டும் கலந்து போடுவது நல்லது. தண்ணீர் பாட்டிலையே உறையவைத்தால் உருகியதும் குடிக்கலாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பதால், கழுத்தளவுக்கு நிரப்பாமல் பத்தில் ஒரு பங்கு இடம் விடுங்கள். கண்ணாடி பாட்டிலை மட்டும் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள்.

பானங்கள் மட்டும் உள்ள பெட்டியில் தண்ணீரை வடிக்காதீர்கள். அந்தத் தண்ணீரும் சில்லென்றுதான் இருக்கும், பாட்டிலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். வடித்துவிட்டால் அந்த இடத்தில் வெளிச்சூடு புகுந்த காற்று வரும். உணவு உள்ள பெட்டியில் இது எதிர்மாறு. தண்ணீர் சேரவிடாதீர்கள், உணவை இறுக மூடும் டப்பாவில் போட்டு ஐஸுக்கு மேலே வையுங்கள். முடிந்தால் பானத்துக்கு ஒன்று, உணவுக்கு ஒன்று எனச் சின்னதாக இரண்டு பெட்டி எடுத்துப்போங்கள். அடிக்கடி திறக்கப்படுவது பானப் பெட்டிதான். உணவுப் பெட்டிக்குள் 5 டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டு வையுங்கள். எளிதில் கெடும் சமைத்த உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் அதுவும் 1 மணி நேரம்தான்.

கேள்வி: ஐஸ் நிறைய இருந்தும் ஐஸ்கிரீம் கரைந்துவிடுகிறதே?

பதில்: ஐஸ் இருக்கும் இடம் 0 டிகிரி. ஐஸ்கிரீம் கட்டியாக நிற்க மைனஸ் 12, மைனஸ் 15 வேண்டும். எத்தனை கிலோ ஐஸ் போட்டாலும் வெறும் ஐஸால் அது ஆகாது. உப்பு போடுங்கள்: 3 பங்கு ஐஸுக்கு 1 பங்கு சமையல் உப்பு, எடைக் கணக்கில். இந்தக் கலவை கணக்குப்படி மைனஸ் 21 வரை இறங்கும், கைக்கலவையில் அவ்வளவு வராது, ஆனால் ஐஸ்கிரீமுக்குப் போதுமான அளவு இறங்கும். ஐஸ் வேகமாக உருகிப்போகும் என்பது இதற்கான விலை. எனவே ஐஸ்கிரீமுக்குத் தனியாகச் சின்னப் பெட்டி வையுங்கள், டப்பாவை பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடுங்கள். உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு போனாலும் கெட்டது. அந்தக் கலவையை வெறுங்கையால் அள்ளவும் வேண்டாம், தோல் புண்ணாகும்.

பாதி கரைந்ததை மறுபடி உறையவைத்தால் மணல் மணலாக வரும். பெரிய பனிப்படிகம் உண்டாவதுதான் காரணம். அங்கேயே சாப்பிட்டு முடிப்பதே உத்தமம்.

கேள்வி: புது ஃபிளாஸ்க்கில் வெந்நீர் மூன்று மணி நேரத்தில் ஆறிவிடுகிறது. '24 மணி நேரம்' என்று எழுதியிருக்கிறது. மாற்றித் தருவார்களா?

பதில்: முதலில் சோதித்துவிடுங்கள். கொதிநீர் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். கழுத்துப் பகுதி கொஞ்சம் சூடாக இருப்பது இயல்பு, உள் சுவரும் வெளிச் சுவரும் அங்கேதான் சேர்கின்றன. வயிற்றுப் பகுதியோ அடியோ சுட்டால், இரண்டு சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய வெற்றிடம் போய்விட்டது. இதைப் பழுதுபார்க்க வழியில்லை. மாற்றித்தான் தர வேண்டும். ஆகவே வாங்கிய அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்த பிறகு அல்ல.

வெளிச்சுவர் சுடவில்லையென்றால் குற்றம் மூடியில். சிலிகான் வளையம் நழுவியிருக்கலாம், கழுவும்போது தலைகீழாக மாட்டியிருக்கலாம். இல்லையென்றால் ஃபிளாஸ்க் பாதிதான் நிரம்பியிருந்தது. கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, பிறகு வாய்வரை நிரப்பினால் நல்ல வித்தியாசம் தெரியும். அகல வாய் கழுவ வசதி, சூடு காக்க வசதி இல்லை. '24 மணி நேரம்' என்ற சொல்லையும் கூர்ந்து படியுங்கள். பெரும்பாலும் அது குளிருக்கான எண். 5 டிகிரித் தண்ணீருக்கும் 35 டிகிரி வெயிலுக்கும் இடைவெளி 30தான், கொதிநீருக்கு அந்த இடைவெளி 60க்கு மேல். அதனால்தான் குளிர் எண் எப்போதும் பெரிதாக இருக்கும். எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு எத்தனை டிகிரி என்று சொல்லும் அட்டையை நம்புங்கள்.

சோடா கலந்த பானத்தை இதில் ஊற்றாதீர்கள். அழுத்தம் ஏறி, திறக்கும்போது மூடி முகத்துக்கு வரும்.

கேள்வி: கூலிங் கிளாஸ் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு கண்ணுக்குப் பாதுகாப்பு என்கிறார்களே?

பதில்: தவறு. கறுப்பு என்பது வெளிச்சத்தைக் குறைக்கும் சாயம். புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு சமாச்சாரம். கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, வெறுங்கண்ணைவிட மோசமாகவும் ஆகலாம். இருட்டில் கண்மணி விரிந்து, கூடுதல் கதிரை உள்ளே விட்டுவிடும். 'யுவி 400' என்று எழுதியிருக்க வேண்டும், அதாவது 400 நானோமீட்டர் வரை தடுக்கும். எழுத்தில் சந்தேகம் இருந்தால் கண்ணாடிக் கடையில் உள்ள மீட்டரில் ஒரு நிமிடத்தில் அளந்து சொல்வார்கள்.

'போலரைஸ்டு' என்பது தண்ணீர், சாலை மேல் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசவைக்கும் ஒளியைத் தடுக்க. அதுவும் புற ஊதாத் தடுப்பும் ஒன்றல்ல. உண்மையில் போலரைஸ்டா என்று பார்க்க, கண்ணாடி வழியே கம்ப்யூட்டர் அல்லது போன் திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். பெரும்பாலான திரைகள் ஒரு கோணத்தில் இருண்டுபோகும். இருளவே இல்லையென்றால் வேறொரு திரையிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கைப்பிடியின் உட்பக்கம் 0 முதல் 4 வரை ஒரு வகை எண் இருந்தால் 3 வாங்குங்கள். 4 போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

கேள்வி: சன்ஸ்கிரீன் 30 போதுமா, 50தான் வேண்டுமா? நால்வருக்கு ஒரு 50 மில்லி டியூப் வாங்கினால் ஒரு நாளைக்கு வருமா?

பதில்: எஸ்பிஎஃப் 30 என்பது தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதா வகையான யுவிபி கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98 சதவீதத்தை. எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட அளவைக் கூட்டுங்கள். இந்த எண்கள் எல்லாம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தவை. உடம்பு முழுவதும் பூச ஒரு பெரியவருக்கு ஏறத்தாழ 30 மில்லி ஆகும். முழுக்கைச் சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு முகம், கழுத்து, கைகளுக்கு மட்டும் என்றால் ஒரு தடவைக்கு 5 மில்லி, ஒரு டீஸ்பூன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என நாளில் மூன்று தடவை, நான்கு பேர்: 60 மில்லி. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறையும். ஆகவே 50 மில்லி இழுபறி, தண்ணீரில் இறங்குவதானால் நிச்சயம் போதாது. இன்னொரு புற ஊதா வகையான யுவிஏ கதிருக்கும் தடுப்பு இருக்க வேண்டும், வட்டத்துக்குள் 'யுவிஏ' அல்லது 'பிஏ+++' குறியைத் தேடுங்கள். வெயிலில் நின்ற காருக்குள் விட்ட டியூப்பை நம்ப வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும்தான், கிரீம் அல்ல.

கேள்வி: ஐந்து வயதுப் பையன் தண்ணீரில் மிதக்கக் காற்றடிக்கும் வளையம் வாங்கலாமா, கைப்பட்டையா?

பதில்: இரண்டுமே விளையாட்டுச் சாமான். உயிர்காப்பு அல்ல. வளையத்தில் உட்கார்ந்த குழந்தை கவிழ்ந்தால் கால் மாட்டிக்கொண்டு தலைகீழாகவே நிற்கும். திறந்த நீரில் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே நிற்கும்போது மட்டும் தரலாம்.

படகில் ஏறவோ ஏரி, கடலில் இறங்கவோ போகிறீர்கள் என்றால் லைஃப் ஜாக்கெட். வயதைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பார்த்து வாங்குங்கள். 'வளர்ந்தாலும் ஆகும்' என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்கு ஆபத்து. மாட்டிவிட்டு, தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், பிள்ளை கீழே நழுவும். தொடை இடுக்கு வழியாக வரும் பட்டை இருக்க வேண்டும், தலைக்குப் பின்னால் மிதக்கும் கழுத்துப்பட்டி இருக்க வேண்டும். உள்ளே தைத்த அட்டையில் நியூட்டன் எண் பாருங்கள், மிதக்கவைக்கும் விசையின் அளவு அது. 50 என்பது நீச்சல் தெரிந்தவருக்கான துணை, மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பாது. நீச்சல் தெரியாத குழந்தைக்குக் குறைந்தது 100 வேண்டும்.

கேள்வி: மடக்கு நாற்காலி ஒரே கோடையில் கிழிந்துவிடுகிறது. '120 கிலோ தாங்கும்' என்றுதான் எழுதியிருந்தது.

பதில்: அந்த எண் அசையாமல் உட்காருபவருக்கு. தொப்பென்று விழுந்து உட்காரும் 80 கிலோ ஆளுக்கு அது காணாது. உடைவது குழாய் அல்ல. துணியின் மூலை குழாயில் மாட்டும் இடத்தில் தையல் பிரியும், அல்லது கால்கள் குறுக்கே சேரும் பிளாஸ்டிக் மூட்டு விரியும். நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூலையில் சதுரத்துக்குள் பெருக்கல் குறி போலத் தைத்திருந்தால் நிற்கும், ஒற்றைத் தையல் ஓடியிருந்தால் நிற்காது. மணலில் போடுவதானால் நான்கு கால் மாதிரியைவிடக் கால்களுக்குக் கீழே குழாய் வளைந்து போகும் மாதிரி நல்லது, புதையாது. நனைந்ததை உறைக்குள் திணிக்காதீர்கள், முதலில் போவது ஆணி மூட்டுதான், துருப்பிடித்து.

கேள்வி: கழுத்தில் மாட்டும் சார்ஜ் ஃபேன் உபயோகமா?

பதில்: மிதமான வெயிலில் சரி. காற்றே 35 டிகிரிக்கு மேல் சுடும்போது அது வெந்த காற்றைத்தான் முகத்தில் அடிக்கும், கழுத்தில் ஈரத் துணி சுற்றிக்கொண்டால் பலன் உண்டு. '10 மணி நேரம்' என்பது மிகக் குறைந்த வேகத்தில். 2000 எம்ஏஹெச் பேட்டரியில் ஏறத்தாழ 7 வாட்-மணி இருக்கும். முழு வேகத்தில் 4 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூட வராது.

கேள்வி: இவற்றை ஆன்லைனில் வாங்கினால் கவனிக்க வேண்டியது?

பதில்: கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது வரவழைத்து, வீட்டுக் கூடத்திலேயே விரித்து, நிரப்பி, உட்கார்ந்து பாருங்கள். மணல் ஒட்டிய பொருளை யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அட்டைப் பெட்டியைத் திறக்கும்போது போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள், பில்லையும் சேர்த்து. கடை பில் காகிதம் வெப்பத்தில் அச்சாகும் வகை, சூடான காருக்குள் கிடந்தால் கறுத்தோ மங்கியோ போகலாம்.