திருவொற்றியூரில் ஓடும் காரின் இன்ஜினுக்கு சிந்தெட்டிக் ஆயிலா, மினரல் ஆயிலா?

மினரல் ஆயில் என்பது கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது; சிந்தெட்டிக் என்பது ஆலையில் வேதி முறையில் தயாரிப்பது. முதலில் காரோடு வந்த கையேட்டைப் பாருங்கள். அதில் ஆயிலின் கிரேடு, அதாவது அது எவ்வளவு மெல்லியது என்கிற குறியீடு, 0டபிள்யூ-20 (0W-20) என்று போட்டிருந்தால் பேச்சே இல்லை, சிந்தெட்டிக்தான். அவ்வளவு மெல்லிய கிரேடு சாதாரண மினரல் ஆயிலில் வராது. டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள இன்ஜினுக்கும் சிந்தெட்டிக்தான் நல்லது. டர்போவின் சூட்டில் மினரல் ஆயில் சீக்கிரம் கருகிப் படியும்.

கையேடு இரண்டையும் அனுமதிக்கிற பழைய கார் என்றால்தான் யோசிக்க வேண்டும். ஆயில் எவ்வளவு உழைத்திருக்கிறது என்று பார்க்க, நம் பக்கத்தில் கிலோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டினால், முதல் கியரில் ஊர்ந்தபடி இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறியிருக்காது, ஆயில் மட்டும் சூட்டில் வெந்துகொண்டிருக்கும். தினமும் இப்படித்தான் என்றால் சிந்தெட்டிக்குக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம், தகும்.

அந்த நெரிசலில் மாட்டாதவர்களுக்கு, கெடு தவறாமல் மாற்றினால் மினரலே போதும். சிந்தெட்டிக் போட்டால் பழைய இன்ஜின் ஒழுகும் என்று பயமுறுத்துவார்கள். ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்கள் நன்றாக இருந்தால் ஒழுகாது.

அப்புறம், எதை ஊற்றினாலும் வண்டி ஆறியிருக்கும்போது டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள்.