டவல் பார் வழுக்கணும், டை பார் பிடிக்கணும்: கான்கிரீட் ரோடு ஜாயின்ட் கேள்வி-பதில்

கான்கிரீட் ரோட்டை ஸ்லாப் ஸ்லாப்பா (துண்டு துண்டா) பிரிக்கிற ஜாயின்ட்ல போடுற கம்பி பத்தி கேள்வி நிறைய சேர்ந்துபோச்சு. படிச்சுப் பாத்தா பாதிக்கு மேல ஒரே குழப்பம்தான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா வச்சே சொல்லிடுறேன்.

கேள்வி: டவல் பார், டை பார் ரெண்டும் ஜாயின்ட்ல போடுற கம்பிதானே சார், ஏன் ஒண்ணு வழவழன்னு இருக்கு, இன்னொண்ணு முறுக்குக் கம்பியா இருக்கு?

ரெண்டுக்கும் வேலை நேர் எதிர். டவல் பார் ரோட்டுக்குக் குறுக்கே வர்ற ஜாயின்ட்ல இருக்கும், வண்டிச் சக்கரம் ஒரு ஸ்லாப்ல இருந்து அடுத்த ஸ்லாப்புக்குத் தாவும்போது பாரத்தை பாதி அந்தப் பக்கம் கடத்திவிடுறது அதோட வேலை. ஆனா ஸ்லாப் வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும், 4.5 மீட்டர் ஸ்லாப்ல 30 டிகிரி சூடு குறைஞ்சா சுமார் 1.3 மி.மீ சுருங்கிடும், அப்போ கம்பி கான்கிரீட்டுக்குள்ள வழுக்கி விட்டுக்கொடுக்கணும், அதுக்குத்தான் அந்த வழவழப்பு. டை பார் நீளவாக்குல, லேனுக்கும் லேனுக்கும் நடுவுல வர்ற ஜாயின்ட்ல. ரெண்டு லேனும் விலகிப் போகாம இழுத்துப் பிடிச்சு வச்சா போதும், அதான் முறுக்குக் கம்பி. பாரம் கடத்துறதுக்காக அதை டிசைன் பண்றதில்ல.

கேள்வி: ரவுண்டு ராட் (வழவழ கம்பி) தீர்ந்துபோச்சு, 32 மி.மீ முறுக்குக் கம்பி கிடக்கு. கிரீஸ் தடவி டவலா போட்டா ஆகாதா?

ஆகாது. நீங்க எவ்ளோ கிரீஸ் தடவினாலும் அந்த வரிவரியான மேடு கான்கிரீட்டோட பூட்டிக்கும். ராட் வர்ற வரைக்கும் வேலையை நிறுத்துங்க, திட்டு வாங்கினாலும் பரவால்ல.

கேள்வி: ஜாயின்ட் எல்லாம் கரெக்டா கட் பண்ணியிருந்தும் ஸ்லாப் நடுவுல குறுக்கே கிராக் வந்திருக்கு. கான்கிரீட் மிக்ஸ் சரியில்லையா?

எல்லாரும் முதல்ல மிக்ஸ் மேலதான் பழி போடுறாங்க. நான் முதல்ல கேக்குறது எப்போ கிராக் வந்துச்சுன்னுதான். போட்ட ஒண்ணு ரெண்டு நாள்லயே வந்திருந்தா பெரும்பாலும் கட்டிங் லேட்டு, இல்ல ஆழம் பத்தல, ஸ்லாப் கனத்துல கால்வாசியில இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் கட் இறங்கணும். சில மாசம் கழிச்சு வந்திருந்தா டவல் பூட்டிக்கிச்சான்னு பாருங்க. ஓரத்துல மண்ணை ஒதுக்கிட்டு கட்டுக்குக் கீழ கோடு மாதிரி விரிசல் இறங்கியிருக்கான்னு கவனிங்க, இறங்கலைன்னா அந்த ஜாயின்ட் வேலையே செய்யல, ஸ்லாப் தானா ஒரு ஜாயின்டை நடுவுல உண்டாக்கிக்கிச்சுன்னு அர்த்தம்.

பூட்டிக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் கோணல்தான். டவல் ரோட்டோட திசைக்கும் மேல்பரப்புக்கும் இணையா, ஸ்லாப் கனத்துல நடு உயரத்துல இருக்கணும். ஒரு லேனுக்கு பன்னெண்டு கம்பி வருதுன்னு வைங்க, அதுல ஆளுக்கொரு திசையைப் பாத்துக்கிட்டு நின்னா ஸ்லாப் எந்தப் பக்கம் நகரும்? ஒரு சைட்ல நானே பாத்தேன், கம்பியைத் தாங்குற கூடையை தரையில சரியா ஆணி அடிக்காம விட்டுட்டாங்க, கான்கிரீட் கொட்டின வேகத்துல கூடையே தள்ளிப்போயிடுச்சு, மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்புறம் காந்த ஸ்கேனர் வச்சு ஓட்டினப்போதான் கம்பி கிடந்த லட்சணம் தெரிஞ்சுது. இன்னொண்ணு, கம்பியோட நடுப்புள்ளி எங்கன்னு கான்கிரீட் போடுறதுக்கு முன்னாடியே ரெண்டு ஓரத்துலயும் குறி வச்சிடுங்க, இல்லன்னா கட்டர் ஓட்டுறவர் குத்துமதிப்பா கட் பண்ணுவார், கம்பி ஒரு பக்கம் நிறைய, ஒரு பக்கம் கொஞ்சூண்டுன்னு மாட்டிக்கும். கம்பி முனையும் பாக்கணும், நசுக்கி வெட்டின கம்பியில முனை விரிஞ்சு பிசிறா இருக்கும், அது போதும் வழுக்காம தடுக்க. ரம்பத்துல அறுத்ததா வாங்குங்க.

கேள்வி: டவல் சைஸ் எப்படி முடிவு பண்றது?

கைக்கணக்கு, ஸ்லாப் கனத்துல எட்டுல ஒரு பங்கு. 250 மி.மீ ஸ்லாப்புக்கு 32, 300-க்கு 38. நீளம் 450, 500 மி.மீ, இடைவெளி 300 மி.மீ. மெல்லிசா போட்டா கம்பி ஒடஞ்சிடும்னு நினைக்கிறாங்க, அது இல்ல பிரச்சனை, கம்பிக்கு மேலயும் கீழயும் இருக்கிற கான்கிரீட்தான் அழுத்தம் தாங்காம நொறுங்கி, ஓட்டை பெருசாகி, கம்பி லொடலொடன்னு ஆடும். டை பாருக்கு 12 இல்ல 16 மி.மீ போதும்.

கேள்வி: 150 மி.மீ கனத்துல ஒரு சின்ன தெரு, லாரியே வராது. டவல் வேணுமா?

வேணாம். ஸ்லாப்பை சின்னதா பிரிச்சு விட்டா விரிசல்ல ஜல்லி ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு அதுவே பாரத்தைக் கடத்திடும். கனரக வண்டி தினமும் ஓடுற ரோட்டுல இந்தக் கோர்வை தேஞ்சு போயிடும், அங்கதான் டவல் இல்லாம முடியாது.

கேள்வி: எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்ல டவலுக்கு பிளாஸ்டிக் தொப்பி எதுக்கு?

அங்க ஸ்லாப் நீண்டு வரும், கம்பி முனை முட்டாம நகர இடம் வேணும். அதுக்காக தொப்பிக்குள்ள பஞ்சு மாதிரி அமுங்குற பொருள் வச்சு காலி இடம் விடுறாங்க. வழுக்குற பக்கத்து முனைக்குத்தான் தொப்பி. தொப்பிக்குள்ள சிமென்ட் பால் போகாம பாத்துக்கோங்க, போச்சுன்னா இறுகிப்போய் முட்டுக்கட்டையா நிக்கும்.

கேள்வி: வண்டி போக இடைஞ்சலா இருக்குன்னு டை பாரை மடக்கி வச்சோம், இப்ப நிமித்தி பக்கத்து லேன் போடலாமா?

நிமித்துறப்போ வெடிப்பு விட்ட கம்பியை தூக்கிப் போட்டுடுங்க. அதுக்குப் பதிலா ஓட்டை போட்டு எபாக்சி (ரசாயனப் பசை) வச்சு புதுக் கம்பி நடுங்க, ஓட்டைத் தூசியை ஊதி எடுத்துட்டு, எபாக்சியை ஓட்டையோட அடியில இருந்து நிரப்பிக்கிட்டே வந்து, கம்பியைத் திருகித் திருகி உள்ள விடணும். வெறுமனே கம்பி முனையில தடவி குத்துறது கணக்குல சேராது. அடுத்த தடவை மரை வச்ச கப்ளர் (கம்பியை இணைக்கிற குழாய்) போட்டுக்கிட்டா மடக்குற தொல்லையே இல்ல.

கேள்வி: டவல் இல்லாம போட்ட பழைய ரோடு, ஜாயின்ட்ல படி மாதிரி உயரம் மாறி தடக் தடக்னு அடிக்குது. இனிமே ஏதாவது பண்ண முடியுமா?

முடியும், ஸ்லாப் நல்லா இருந்தா. சக்கரம் ஓடுற தடத்துல ஜாயின்டுக்குக் குறுக்கே குழி வெட்டி, தடத்துக்கு மூணு நாலு டவல் வச்சு கிரவுட் (குழியை நிரப்புற கலவை) போட்டு மூடி, கடைசியா மேல கிரைண்டிங் பண்ணி மட்டமாக்குவாங்க. அதுக்கு முன்னாடி ஜாயின்டுக்குக் கீழ மண்ணு தண்ணியோட வெளிய வந்திருக்கான்னு பாருங்க, வந்திருந்தா அந்தப் பொந்தை முதல்ல நிரப்பணும், தண்ணி உள்ள போற வழியையும் அடைக்கணும். ஸ்லாப்பே நாலு துண்டா கிடந்தா இதுக்கு காசு செலவு பண்ணாதீங்க, அந்த ஸ்லாப்பை எடுத்துட்டு புதுசா போடுங்க.