மனச்சோர்வு மாத்திரை கைகொடுக்காதபோது

மனநலம்: வாசகர் கேள்விகளும் மனநல மருத்துவரின் பதில்களும்

கேள்வி: என் கணவருக்கு வயது 43. கணித ஆசிரியர். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கோடை விடுமுறையில், பத்து நாட்கள் இரவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்காமல், டியூஷன் சென்டர் தொடங்கப் போகிறேன் என்று என்னிடம் கேட்காமலேயே நகைகளை அடகு வைத்து ஒரு கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். அப்போதுதான், மன எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநிலைக் கோளாறு என்று சொன்னார்கள். அன்றிலிருந்து லித்தியம் 300 மி.கி. காலையும் இரவும் எடுக்கிறார். கடந்த ஒன்பது மாதங்களாக நிலைமை நேர் எதிராக இருக்கிறது. காலையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தால், பதினோரு மணிக்கும் அதே பக்கம்தான் மடியில் இருக்கிறது. லித்தியத்தோடு எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 20 மி.கி. வரை கொடுத்தார்கள். பலன் இல்லை. இரண்டு மாதங்களாக வென்லாஃபாக்சின் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை கொடுக்கிறார்கள். சோர்வு குறையவில்லை, ஆனால் எரிச்சலும் தூக்கமின்மையும் புதிதாக வந்திருக்கின்றன. இப்போது குவெட்டியாப்பின் சேர்க்கலாம், பிறகு லாமோட்ரிஜின் பார்க்கலாம் என்கிறார் மருத்துவர். "மருந்துக்கு மேல் மருந்து கொடுத்தே என் பிள்ளையை முடக்கிவிடுவார்கள்" என்று மாமியார் அழுகிறார். நாங்கள் என்ன செய்வது? கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகலை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, கொளத்தூர், சென்னை

பதில்: உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். காரணம் சொல்லப்படாமல் மாத்திரைகள் கூடிக்கொண்டே போனால் யாருக்கும் அச்சம் வரும். ஆனால் உங்கள் கணவருக்கு இருக்கும் நோயில், மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது சிகிச்சை தோற்றுவிட்டதன் அடையாளம் அன்று. பல நேரங்களில் அதுதான் சரியான சிகிச்சை. டப்பாவில் இருக்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் 'இது எந்த வேலைக்காக?' என்ற கேள்விக்கு ஒரு தெளிவான பதில் இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

சாதாரண மனச்சோர்வுக்கு நன்றாக வேலை செய்யும் மாத்திரைகள் இருமுனை நோயின் மனச்சோர்வில் அந்த அளவுக்குக் கைகொடுப்பதில்லை. அமெரிக்காவில் பல மையங்களில் நடந்து 2007-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், லித்தியம் போன்ற, மனநிலையைச் சீராக்கும் மருந்தோடு பராக்சிடின் அல்லது புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மாத்திரை சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களையும், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். 366 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வில் நீடித்த குணம் கண்டவர்கள் முதல் பிரிவில் 23.5 சதவீதம், வெற்று மாத்திரைப் பிரிவில் 27.3 சதவீதம். அதாவது, மனச்சோர்வு மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்ததால் எந்த ஆதாயமும் தெரியவில்லை. எனவே உங்கள் கணவர் ஒன்பது மாதங்களாகத் தேறாமல் இருப்பது அவருடைய மனவுறுதிக் குறைவால் அன்று. அவருடைய நோய்க்கு வேறு வழி தேவைப்படுகிறது, அவ்வளவுதான். இதை முதலில் அவரிடமே சொல்லுங்கள்.

இப்போது அந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுவதிலும் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அதுதான். லித்தியத்தின் அளவு 0.4 என்று அச்சாகியிருக்கிறது. ரத்தம் எடுத்த நேரம் காலை 10.40. அதன் ஓரத்தில் நீங்களே பேனாவால் 'காலை மாத்திரை போட்ட பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். லித்தியத்துக்கான ரத்தத்தை, இரவு மாத்திரை எடுத்து ஏறத்தாழ 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை எடுப்பதற்கு முன்பு கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தால் உண்மையைவிட அதிகமான அளவு தெரியும். அப்படித் தெரிந்தும் 0.4 தான் வந்திருக்கிறது என்றால், உண்மையான அளவு அதைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நோய் திரும்பாமல் காக்க பொதுவாக 0.6 முதல் 0.8 வரையாவது வேண்டும் என்று கருதப்படுகிறது. ஆகவே புதிய மருந்து எதையும் சேர்ப்பதற்கு முன்பு, இருக்கிற மருந்துக்கு முழுமையான வாய்ப்பு கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி இங்கே நிற்கிறது. சரியான நேரத்தில் மீண்டும் ரத்தம் கொடுங்கள். அதே ரத்தத்தில் தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். அளவையும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினையும் பார்க்கச் சொல்லுங்கள். லித்தியம் எடுப்பவர்களில் சிலருக்குத் தைராய்டு சுரப்பு குறையும். அப்படிக் குறைந்த தைராய்டே சோர்வாகவும் மந்தமாகவும் வெளிப்பட்டு, எத்தனை மாத்திரை கொடுத்தாலும் மசியாத மனச்சோர்வு போலத் தோற்றமளிக்கும்.

அளவை உயர்த்துவது மருத்துவரின் முடிவாக மட்டுமே இருக்க வேண்டும். லித்தியத்தில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறைவு. 1.5-ஐத் தாண்டினால் நஞ்சாகும் அறிகுறிகள் தொடங்கலாம். சென்னையில் கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டினாலோ, வயிற்றுப்போக்கில் உடலின் நீர் வற்றினாலோ, திடீரென்று உப்பைக் குறைத்தாலோ அளவு தானாகவே ஏறும். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவையும், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் அதை உயர்த்தும். கை நடுக்கம் முன்பைவிட அதிகமானாலோ, வாந்தி, தள்ளாட்டம், நாக்குழறல் தெரிந்தாலோ அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அடுத்தது, புதிதாக வந்திருக்கும் எரிச்சலும் தூக்கமின்மையும். இதை அடுத்த மாதச் சந்திப்பு வரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். வென்லாஃபாக்சின், இருமுனை நோயாளிகள் சிலரை மன எழுச்சியின் பக்கம் தள்ளிவிடக்கூடிய மருந்துகளில் ஒன்று. சிலருக்கு முழு எழுச்சியாக வராமல், துயரமும் பரபரப்பும் ஒன்றாகக் கலந்த நிலையாக வரும். மனம் துவண்டிருக்கும், ஆனால் உடலும் எண்ணமும் ஓரிடத்தில் நிற்காது. தற்கொலை அபாயம் கூடும் நிலை இது என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வென்லாஃபாக்சினை ஒரேயடியாக நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியவை வரும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: ஒன்று சேரும்போது இன்னொன்றைக் கழிக்கவும் இடமிருக்கிறது. சேர்க்கத் தெரிந்த மருத்துவரிடம், எதை எப்போது கழிக்கப் போகிறோம் என்றும் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

குவெட்டியாப்பின் பற்றி உங்கள் மருத்துவர் சொல்வது நியாயமான யோசனை. இதை மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று இணையத்தில் படித்துவிட்டு அஞ்சுபவர்கள் உண்டு. அந்த நோய்க்கும் இது கொடுக்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் இருமுனை மனச்சோர்வுக்கென்றே சோதிக்கப்பட்டு, அமெரிக்காவில் 2006-இல் அதற்காக அனுமதி பெற்ற மருந்து இது. ஆய்வுகளில் இரவு 300 மி.கி. கொடுத்தபோது கிடைத்த பலனே 600 மி.கி. கொடுத்தபோதும் கிடைத்தது. எனவே அளவை ஏற்றிக்கொண்டே போவதில் பொருளில்லை. தூக்கத்தை அது முதல் சில நாட்களிலேயே சீராக்கும், உங்கள் வீட்டு நிலைமையில் அதுவே பெரிய உதவி. ஆனால் எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் உயர்த்தக்கூடியது. தொடங்கும் நாளன்றே எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆகியவற்றைக் குறித்து வைத்து, மூன்று மாதத்தில் மீண்டும் பாருங்கள். காலையில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரலாம். ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

லாமோட்ரிஜினின் வேலை வேறு. அது மெதுவாக வந்து சேரும் மருந்து, மீண்டும் மனச்சோர்வில் விழாமல் காப்பதில்தான் அதன் பலம். லித்தியம் எடுத்தும் தேறாதவர்களுக்கு இதைச் சேர்த்தபோது பலன் கிடைத்ததாக 2009-இல் வெளியான ஒரு டச்சு ஆய்வு காட்டியது. லித்தியம் எழுச்சிக்கு எதிராகவும், லாமோட்ரிஜின் சோர்வுக்கு எதிராகவும் வலுவாக நிற்பதால், இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மாத்திரைகள் அல்ல. வழக்கமாக 25 மி.கி.யில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக, ஆறேழு வாரத்தில்தான் 200 மி.கி.யை எட்டுவார்கள். அவசரப்பட்டால் தோலில் ஆபத்தான கொப்புளங்கள் வரலாம். அதுவரை காத்திருக்கும் வாரங்களைத் தாங்கிப் பிடிக்க குவெட்டியாப்பின் உதவும் என்பதே உங்கள் மருத்துவரின் கணக்காக இருக்கும் என்று நினைக்கிறேன். மனநிலையைச் சீராக்கும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் எடுப்பவர் என்றால் லாமோட்ரிஜினின் அளவைப் பாதியாக்க வேண்டும்.

குவெட்டியாப்பின் ஒத்துக்கொள்ளாவிட்டால் லுராசிடோன் இருக்கிறது. லித்தியத்தோடு சேர்த்துக் கொடுத்தும் சோதிக்கப்பட்ட மருந்து. எடை அதிகம் ஏறாது. ஆனால் குறைந்தது 350 கலோரி உணவோடு எடுக்க வேண்டும், இரண்டு இட்லியோடு இரவை முடித்துக்கொள்பவர்களின் உடலில் அது சரியாகச் சேராது. ஓலன்ஸபினும் ஃபுளூஆக்சிடினும் சேர்ந்த கூட்டு மருந்தும் பலன் தருகிறது. ஆனால் எடை விஷயத்தில் அது கடுமையானது.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், அல்லது அவர் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டால், மின் அதிர்வு சிகிச்சை என்ற பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம். திரைப்படங்களில் காட்டுவது போல விழித்திருப்பவரைக் கட்டிப்போட்டுச் செய்வதல்ல அது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் அதைச் செய்வதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு முறை வரை செய்வார்கள். அந்த வாரங்களைச் சேர்ந்த சில நினைவுகள் மங்கலாம். இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லும் மருத்துவரை நம்புங்கள்.

சேர்க்கை என்றால் மாத்திரை மட்டும் அன்று. நான் முன்பு சொன்ன அதே அமெரிக்க ஆய்வுத் திட்டத்தில், 293 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தோடு ஒன்பது மாதங்களில் 30 அமர்வுகள் வரை உளவியல் சிகிச்சை கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு மூன்றே அமர்வுகள். ஓராண்டு முடிவில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் முதல் பிரிவில் 64.4 சதவீதம், மற்றதில் 51.5 சதவீதம். மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்ததால் கிடைக்காத ஆதாயம், பேச்சையும் குடும்பத்தையும் அன்றாட ஒழுங்கையும் சேர்த்ததால் கிடைத்தது. நம் ஊரில் மருந்துச் சீட்டு எழுதும் வேகத்தில் இது காணாமல் போய்விடுகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும், அண்ணா நகரிலுள்ள ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்திலும் இதற்காக விசாரிக்கலாம்.

வீட்டிலேயே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் கணவர் கணித ஆசிரியர். ஒரு கட்டம் போட்ட நோட்டை அவர் கையில் கொடுங்கள். எழுந்த நேரம், படுத்த நேரம், அன்றைய மனநிலைக்கு மைனஸ் ஐந்திலிருந்து பிளஸ் ஐந்து வரை ஓர் எண், எடுத்த மாத்திரைகள். நாளுக்கு ஒரு வரி போதும். புதிய மருந்து வேலை செய்கிறதா என்பதை, ஆறு வாரம் கழித்து 'கொஞ்சம் பரவாயில்லை' என்ற சொல்லை வைத்து அல்ல, அந்தக் கட்டங்களை வைத்து மருத்துவர் முடிவு செய்யலாம். எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமையும் மாறக் கூடாது. மது இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மதுவை வைத்துக்கொண்டு எந்தச் சேர்க்கையையும் மதிப்பிட முடியாது.

கடைசியாக ஒன்று, மிக முக்கியமானது. அவரிடம் 'சாகலாம் போலத் தோன்றுகிறதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தற்கொலையைத் தடுப்பதில் லித்தியத்துக்கு இருக்கும் சான்று மற்ற மருந்துகளுக்கு அரிது. அதே லித்தியத்தை மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எனவே மாத்திரை அட்டைகள் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் வெளியில் வையுங்கள். நள்ளிரவில் பயம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

கேள்வி: எனக்கு 26 வயது. இருமுனை நோயின் இரண்டாம் வகை (மன எழுச்சி மிதமாக மட்டும் வரும் வகை) என்று சொல்லி லாமோட்ரிஜின் 200 மி.கி. கொடுத்தார்கள், நன்றாக இருந்தேன். ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது மாத்திரையை எடுத்துப்போக மறந்து எட்டு நாட்கள் விட்டுப்போயிற்று. திரும்பி வந்ததும் பழையபடி 200 போடலாமா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: போடக் கூடாது. இன்று இரவு மாத்திரையைத் தொடுவதற்கு முன்பு உங்கள் மருத்துவரை அழையுங்கள். தொடர்ந்து ஐந்து நாட்களுக்கு மேல் விட்டுப்போனால் மருந்து உடலிலிருந்து ஏறத்தாழ முழுவதும் வெளியேறிவிடும். அதன்பின் பழைய அளவில் தொடங்குவது, முதல் நாளே 200 மி.கி. எடுப்பதற்குச் சமம். தோல் கொப்புளங்களின் அபாயம் அப்போதுதான் கூடுகிறது. மீண்டும் 25 மி.கி.யிலிருந்து படிப்படியாக ஏற வேண்டியிருக்கும், அந்த வாரங்களுக்கு வேறு துணை மருந்து தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அதையும் கூச்சமில்லாமல் சொல்லுங்கள், அது லாமோட்ரிஜினின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கைப்பையில் ஒரு அட்டையும் ஊர்ப் பெட்டியில் ஒரு அட்டையும் எப்போதும் இருக்கட்டும்.