மூன்று சிலுவைகள் – கடிதம்

வணக்கம் சார்,

டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் ‘மூன்று சிலுவைகள்’ அச்சோவியத்தை இரண்டு விதமாக இணையத்தில் பார்த்தேன். ஒன்றில் நல்ல வெளிச்சம், கூட்டம். இன்னொன்றில் பாதிப் படம் கறுப்பு. மை கொட்டிக் கெடுத்ததுபோல இருக்கிறது. எது அசல்? அச்சு என்றாலே நகல்தானே?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் அசல்தான். ஒரே செப்புத் தகட்டிலிருந்து வந்தவை. முதன்முதலில் ஒரு புத்தகத்தில் அந்தக் கறுப்புப் படத்தைப் பார்த்தபோது நானும் அச்சகத்துக்காரரைத்தான் திட்டினேன்.

1653-இல் ரெம்பிராண்ட் இதை டிரைபாயிண்ட் முறையில் செய்தார். அமிலம் கிடையாது, ஊசியால் தகட்டை நேரடியாகக் கீற வேண்டும். உழும்போது சாலின் ஓரத்தில் மண் ஒதுங்குமே, அதுபோலக் கோட்டின் ஓரத்தில் செம்பு பிசிராக எழும்பி நிற்கும். மையைப் பிடித்துக்கொண்டு வெல்வெட் மாதிரிக் கருமை தருவது அந்தப் பிசிர்தான். ஆனால் அழுத்த அழுத்த அது நசுங்கிவிடும். நல்ல படிகள், அதாவது அச்சுப் பிரதிகள், கொஞ்சம்தான் எடுக்கலாம். அதே நூற்றாண்டில் ரூபென்ஸ் என்ற ஓவியர் தன் ஓவியங்களை ஆள் வைத்துத் தகட்டில் செதுக்கி, அச்சடித்து ஊரெங்கும் பரப்பினார். நீங்கள் சொல்லும் ‘நகல்’ அதற்குப் பொருந்தும். ரெம்பிராண்டோ தகட்டில் மையை முழுக்கத் துடைக்காமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் விட்டுவைப்பார். சில படிகளைக் காகிதத்துக்குப் பதில் கன்றுத்தோலில் எடுத்தார். ஆகவே ஒரு படி போல இன்னொன்று இருக்காது.

சில வருடங்கள் கழித்து, தேய்ந்துபோன அதே தகட்டை மறுபடி எடுத்தார். கூட்டத்தில் பலரைச் சுரண்டித் தேய்த்தார். உயரமான தொப்பியோடு ஒரு குதிரைக்காரரைப் புதிதாக நுழைத்தார். பிசனெல்லோ என்ற இத்தாலியர் 15-ஆம் நூற்றாண்டில் செய்த பதக்கத்திலிருந்து எடுத்த உருவம் அது. அப்புறம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்துத் தள்ளினார்.

எனக்கு இதுதான் பிடிக்கும். முதல் படத்தில் இயேசுவைச் சிலுவையில் அறைந்த கதையில் வருகிற ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நாடகம் பார்ப்பது போலிருக்கிறது. பைபிளில் லூக்கா 23-இல் ஆறாம் மணி முதல் ஒன்பதாம் மணி வரை (நம் கணக்கில் நண்பகல் முதல் மூன்று மணி வரை) அந்தகாரம் உண்டானது என்று வருகிறதல்லவா? பின்னதில் அந்த இருட்டு வந்தேவிட்டது.

முடிந்தால் அருங்காட்சியகத் தளத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு ஒரே கறுப்பு இல்லை, தனித்தனிக் கோடுகள். சுரண்டிய இடங்களில் பழைய ஆட்களின் தடம் அங்கங்கே மிச்சமிருக்கும்.