முதலாம் ஆண்டுப் பிள்ளையும் வீட்டாரும்: கேட்டவற்றுக்குப் பதில்கள்

பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்த்தவர்கள் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். மஸ்கெலியா, இராகலை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்துவிட்டன. நான் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள், டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். மற்றதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஊர் பேரை மட்டும் வைத்துக்கொண்டு ஆள் பேரை எடுத்துவிட்டேன்.

கேள்வி (மஸ்கெலியா): டீச்சர், மகன் வகுப்பு வாசலில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறான். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான் விழும். அவன் வேறு பக்கம் பார்க்கும்போது நழுவி வந்துவிடுகிறேன். சரிதானா?

பதில்: நழுவி வராதீங்க தங்கச்சி. உங்கள் அவசரம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை என்று ஒருநாள் ஆகிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை டீச்சரைப் பார்க்காது, பாட்டைக் கேட்காது, உங்களையே காவல் காத்துக்கொண்டிருக்கும். அவன் சேலையை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதே அதனால்தான். சொல்லிவிட்டு வாருங்கள், அவன் அழுதாலும் பரவாயில்லை. தினமும் ஒரே இடத்தில், ஒரே வார்த்தையைச் சொல்லி, டீச்சரின் கையில் பிள்ளையின் கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடங்கள். பாதி வழியில் நின்று எட்டிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் போன கொஞ்ச நேரத்தில் அநேகமான பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள், அதை டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் மனசுக்கும் ஆறுதலாக இருக்கும்.

எப்போது வருவேன் என்று சொல்லும்போது மணிக்கணக்குச் சொல்லாதீர்கள், ஐந்து வயதுக்கு அது பிடிபடாது. "சாப்பிட்டு, பாட்டுப் பாடி, வெளியில விளையாடி முடிய அப்பாயி வருவாங்க" என்று சொல்லுங்கள். அப்பாயி வருவதாக இருந்தால் அப்பாயி என்றே சொல்லுங்கள், அழுகையை நிறுத்துவதற்காக அம்மா வருவேன் என்று சொல்லிவிட்டு வேறு ஆளை அனுப்ப வேண்டாம். சொன்ன ஆள் சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றால், சில நாளில் பிடி தானாகவே தளரும்.

பெரட்டு விஷயம்: முதல் ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் பிந்த விடச் சொல்லி, அதே வயதுப் பிள்ளைகள் உள்ள தாய்மார் எல்லாரும் சேர்ந்து போய் வெளிக்கள உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் கிடைக்காதது சேர்ந்து கேட்டால் கிடைப்பதுண்டு.

கேள்வி (இராகலை): பாடசாலை முற்பகலோடு விட்டுவிடுகிறது, நாங்கள் மலையிலிருந்து இறங்க மாலையாகிறது. மூத்த மகளை வீட்டில் நிறுத்திப் பார்க்கச் சொல்லலாமா? அவளுக்குப் பத்து வயது.

பதில்: வேண்டாம். இந்த ஒன்றில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நம் இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வயது வரை பாடசாலை கட்டாயம், அது அந்த மகளுக்கும்தான். ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு இன்னொரு பிள்ளையை எடுப்பது எந்த வகையில் நியாயம்?

முதலாம், இரண்டாம் ஆண்டுகளை 11.30 போல விட்டுவிடுகிறார்கள், கொழுந்து எடுக்கிற தாய்மார் வீட்டுக்கு வர நாலு, நாலரை ஆகிறது. இந்த இடைவெளியைத்தான் நம் தோட்டங்களில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையத்தில்) சின்னதுகளைத்தான் எடுப்பார்கள் என்றாலும், அங்கே இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் ஒருதடவை கேட்டுப் பாருங்கள், இடம் இருந்தால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பகலுக்கு வைத்துக்கொள்ளும் தோட்டங்கள் உண்டு. அது சரிவராவிட்டால் லயத்தில் (நம் வரிசை வீடுகளில்) பென்சன் எடுத்து வீட்டிலிருக்கும் ஒரு அம்மாயியிடம் நாலைந்து வீட்டார் சேர்ந்து பேசி, மாதம் ஏதாவது கொடுத்து, அவரையே நிரந்தர ஆளாக்குங்கள். இன்றைக்கு ஒருவர் நாளைக்கு ஒருவர் என்று மாற்றாதீர்கள். அடுப்பு அணைந்திருக்கிறதா, மண்ணெண்ணெய் போத்தல் எங்கே இருக்கிறது, பீலித் தண்ணீர்ப் பக்கம் போகாமல் யார் பார்ப்பது, இதையெல்லாம் போய்ப் பார்த்து வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். தெரிந்த ஆள்தானே என்று விடுவதும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அங்கே என்ன நடந்தது என்று பிள்ளையிடம் தினமும் கொஞ்சம் பேச்சுக் கொடுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): பக்கத்து வீட்டுப் பிள்ளை பெயர் எழுதுகிறாள். என் மகளுக்கு 'அ' கூட வரவில்லை. டியூசன் போடவா?

பதில்: போடாதீங்க. முதலாம் ஆண்டின் ஆரம்ப வாரங்களில் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையே பிள்ளையை இனங்காண்பதுதான்: யாரோடு சேர்கிறது, கை எப்படி வேலை செய்கிறது, சொன்னது விளங்குகிறதா, தன் தேவையைச் சொல்லத் தெரிகிறதா. எழுத்து அதற்குப் பிறகு வருகிறது. விரலில் பலம் வராத பிள்ளையிடம் பென்சிலைக் கொடுத்து இழு இழு என்றால் கொப்பியைக் கண்டாலே வெறுக்கும்.

வீட்டில் ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரு உருண்டையை அவளிடம் கொடுங்கள். கடலை உரிக்கட்டும், உடுப்புக் கிளிப் போடட்டும், பட்டன் போடட்டும். இரவில் ஒரு கதை சொல்லுங்கள், உங்கள் அம்மாயி சொன்ன கதையே போதும். பள்ளிக்கூடத்தில் பேச்சு வருகிற பிள்ளைக்கு எழுத்தும் வந்துவிடும். இந்த வயதில் புலமைப்பரிசில் பரீட்சைப் பேச்சை வீட்டில் எடுக்கவே வேண்டாம், அது ஐந்தாம் ஆண்டில் வருவது.

கேள்வி (தலவாக்கலை): வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய் மூத்திரம் பெய்கிறான். சில நாள் காற்சட்டையிலேயே போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் போகவே மாட்டானாம்.

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி, பல தாய்மார் வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுவது இது. நீங்களே ஒருநாள் அந்தக் கக்கூசுக்குள் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கொண்டி அவன் கைக்கு எட்டாது. கதவைச் சாத்தினால் இருட்டு. வாளி பெரிது, கப் அடியில் கிடக்கும். தரை ஈரம், குழியின் இரண்டு பக்கமும் கால் வைக்கிற இடம் அவன் காலுக்கு அகலம், உள்ளே விழுந்துவிடுவேன் என்று பயப்படுகிறான். அதோடு புதுக் காற்சட்டையின் கொக்கி, பெல்ட். பெரிய பையன்கள் கதவைத் தட்டிவிட்டு ஓடுவதும் உண்டு.

அடக்கி அடக்கி வைத்தால் மலச்சிக்கல் வரும், மூத்திரத்தில் கிருமி தொற்றும். கழிவறைக்குப் போகாமல் இருப்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள். முதலில் கொக்கியைக் கழற்றிவிட்டு இலாஸ்டிக் வைத்துத் தையுங்கள், சீருடை சீருடையாகவே இருக்கும். டீச்சரிடம் பேசி, இடைவேளையில் ஒரு கூட்டாளியோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், ஒருவன் வெளியில் நிற்கட்டும். பையில் ஒரு மாற்றுக் காற்சட்டை இருக்கட்டும். நனைத்ததற்கு அடிக்கவோ, அக்கா அண்ணன் முன்னால் சொல்லிச் சிரிக்கவோ கூடாது. கொண்டியைக் கீழே இறக்கிப் பொருத்த ஒரு ஸ்க்ரூட்ரைவரும் அரை மணி நேரமும் போதும், பெற்றோர் கூட்டத்தில் சொல்லி ஒரு தகப்பனாவது செய்து கொடுக்கலாம்.

இரவில் பாயை நனைப்பது ஐந்து வயதில் சாதாரணம். நின்றிருந்த பழக்கம் பள்ளிக்கூடம் தொடங்கிய பிறகு திரும்ப வந்திருந்தால் மனசில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி (ஹப்புத்தளை): நான் அம்மாயி. மகள் குவைத்தில். காலையில் போன் எடுத்துப் பேசினால் பேத்தி அழுது பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறாள். பேசாமல் விடவா?

பதில்: பேச்சை விடாதீங்கம்மா, நேரத்தை மாத்துங்க. குவைத் நம்மைவிட இரண்டரை மணி பிந்தியது. இங்கே இரவு ஏழு மணி என்றால் அங்கே நாலரை. மகளுக்கு எந்த நேரம் ஓய்வு கிடைக்கும் என்று கேட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு வருகிற மாதிரி ஒரு நேரத்தை நிலையாக வையுங்கள். இந்தக் கிழமைக்கு எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாளை மட்டும் பிள்ளையிடம் சொல்லச் சொல்லுங்கள். அன்றைக்குக் கீறிய படத்தை வட்ஸ்அப்பில் தாய்க்கு அனுப்பினால் இரண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும், வெறுமனே "சாப்பிட்டியா, அழாதே" என்பதோடு முடியாது.

"நீ அழுதா அம்மா வர மாட்டா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தாய் எங்கே இருக்கிறார், எதற்காகப் போனார் என்று உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள், வரும் நாள் தெரிந்தால்தான் நாளைச் சொல்லலாம். வகுப்பாசிரியருக்கும் தெரியப்படுத்துங்கள், "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று அவர் தெரியாமல் சொல்லிவிடும் இடம் வராது. நீங்களும் உங்கள் மருந்தை நேரத்துக்குக் குடியுங்கள், அந்த வீட்டில் அவளுக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

கேள்வி (கொட்டகலை): காலையில் ஒரு துண்டு ரொட்டியும் சாயத் தண்ணியும் (பால் விடாத தேத்தண்ணி) தவிர எதையும் தொட மாட்டாள்.

பதில்: ரொட்டி நல்லதுதான். சாயத்தை மட்டும் சாப்பாட்டோடு கொடுக்காதீர்கள், அது உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. நம் பிள்ளைகளுக்கு இரத்தக் குறைவு வர இது ஒரு காரணம். சுடுதண்ணீர் போதும், முடிந்தால் பால். பருப்போ அவித்த கடலையோ பயறோ சேர்த்து, ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ வையுங்கள். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை அவளே திறந்து மூடப் பழக்குங்கள். திறக்கத் தெரியாமல் அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவரும் பிள்ளைகள் ஏராளம்.

கேள்வி (பொகவந்தலாவை): கணவர் குடித்துவிட்டு வந்தால் இரவெல்லாம் சண்டை. ஒரே காம்பரா. மகள் வகுப்பில் தூங்குகிறாளாம், டீச்சர் குறை சொன்னார்.

பதில்: அந்தக் காம்பராவில் பிள்ளைக்கு ஒதுங்க இடமில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். ஐந்து வயதுக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் பாதி போனால் எந்தப் பாடமும் ஏறாது.

தங்கச்சி, இது உங்கள் தப்பு இல்லை. சம்பள நாள், அட்வான்ஸ் நாள் என்று எந்த இரவில் சண்டை வரும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். அந்த இரவுகளுக்கு மகளை அம்மாயி வீட்டிலோ அக்கா வீட்டிலோ படுக்க வையுங்கள், பையும் சீருடையும் மாலையே அங்கே போய்விடட்டும். டீச்சரிடம் முழுக் கதையும் சொல்ல வேண்டாம், "வீட்டில் தூக்கம் கெடுகிறது, திட்டாமல் கொஞ்சம் பாருங்கள்" என்றால் போதும். கணவர் தெளிவாக இருக்கும் ஒரு காலையில், அவர் மதிக்கிற ஒருவரை வைத்துப் பேசுங்கள். ஆனால் கை நீட்டுகிறார் என்றால் பேசிப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. பெண்களுக்கான 1938 இலக்கத்துக்கு எடுங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

கேள்வி (நோர்வூட்): மகனின் கையிலும் தொடையிலும் நுள்ளிய அடையாளம். டீச்சர் நுள்ளினாராம். கேட்டால் பிள்ளையை இன்னும் ஒதுக்குவார்கள் என்று பயம்.

பதில்: கேளுங்கள் தம்பி. பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. அடையாளத்தைத் தேதி தெரிய போட்டோ எடுத்து வைத்துவிட்டு, முதலில் ஆசிரியரிடம் தனியாக, கோபமில்லாமல், "என்ன நடந்தது" என்று கேளுங்கள். நெருக்கமான வகுப்பு, உதவிக்கு ஆளில்லை, அந்தச் சிரமமெல்லாம் எனக்குத் தெரியும், அதற்காக நுள்ள முடியாது. நிற்காவிட்டால் அதிபர், அதற்கு மேல் வலயக் கல்விப் பணிமனை, எழுத்தில் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 1929 இதற்கும் உண்டு. உங்கள் மகன் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி (பதுளைப் பக்கம்): மண்சரிவில் மாமன் வீடு போனது. அதிலிருந்து மழை இருட்டினாலே மகன் பள்ளிக்கூடம் போக மாட்டான்.

பதில்: அவன் பயம் வீண் பயம் இல்லை. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஒரு லயமே மண்ணுக்குள் போனதைப் பார்த்த மலை இது, அதற்குப் பிறகும் எத்தனையோ இடம். "ஒன்னும் ஆகாது" என்று சொன்னால் அவன் நம்ப மாட்டான். என்ன செய்வோம் என்று சொல்லுங்கள்: மழை கூடினால் எந்த இடத்துக்குப் போவோம், பையில் என்ன இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது பெய்தால் டீச்சரோடேயே இருக்க வேண்டும், யார் வந்து கூட்டிப் போவார். அந்தப் பாதையை வெயில் நாளில் கைபிடித்து ஒருதடவை நடந்து காட்டுங்கள். மண் சரிகிற வீடியோக்களைப் பிள்ளை இருக்கும்போது பார்க்காதீர்கள். சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், இதைக் கவனிப்பது பெரியவர்கள் வேலை. தெரிந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): வீட்டில் ஓயாமல் பேசுகிறவள் வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். இவளை நினைத்து எனக்கும் இரவில் தூக்கமில்லை. எப்போது டாக்டரிடம் போவது?

பதில்: முதல் மாதத்தில் பேசாமலிருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், புது இடத்தில் பல பிள்ளைகள் அப்படித்தான். பேசு பேசு என்று எல்லார் முன்னாலும் கேட்காமல், தலையாட்டினாலும் விரலால் காட்டினாலும் டீச்சர் ஏற்றுக்கொள்ளட்டும். பக்கத்தில் ஒரே பிள்ளையை உட்கார வைத்தால் அவளோடு முதலில் குசுகுசுக்கத் தொடங்குவாள். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே போனால், அல்லது சாப்பாடு நின்று உடம்பு மெலிந்தால், தினமும் காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லுங்கள், மனநலப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார்கள். காதும் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தூக்கமில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அங்கே. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத இரவில் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.