‘அங்கிள்’ வேண்டாம், அம்மா

கேள்வி: என் மகன் மெல்பர்னில் வேலை செய்கிறான். ஈப்போவைச் சேர்ந்த ஒரு சீனரை அங்கேயே சட்டப்படி மணந்துகொண்டான். வாடகைத்தாய் மூலம் பிறந்த என் பேத்திக்கு இப்போது ஒன்றேகால் வயது. பிறப்புச் சான்றிதழில் பெற்றோராக இருவர் பெயரும் இருக்கிறது. தீபாவளிக்கு மூவரும் வருகிறார்கள். மாரியம்மன் கோயிலில் குழந்தைக்குக் காது குத்தவும் எண்ணம். அவளுக்குப் பேச்சு வரத் தொடங்கியிருக்கிறது. இருவரையும் ‘அப்பா’ என்றே அழைக்கட்டும் என்கிறான் மகன். தன்னைப் ‘பாபா’ என்று அழைத்தால் போதும் என்கிறார் அவர். ஊர் வாய்க்குப் பயந்து, இங்கே இருக்கும் வரை அவரை ‘அங்கிள்’ என்று பழக்கச் சொல்கிறாள் என் மகள். ‘பெரியப்பா’ என்று சொல்லிவிடலாம் என்கிறார் நாத்தனார். இதைக் கேட்ட மகன் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான். நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு எது சரி என்று தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள அம்மா,

‘அங்கிள்’ என்று பழக்காதீர்கள். பத்து நாளைக்குக்கூட வேண்டாம். நம் ஊரில் ரொட்டி விற்கிறவர் அங்கிள், பள்ளி வேன் ஓட்டுகிறவர் அங்கிள், வாசலில் கேஸ் தோம்பு இறக்குகிறவரும் அங்கிள். இரவில் எழுந்து பால் கலக்கிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிற மனிதரை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவதா? ஒன்றேகால் வயதுக் குழந்தைக்கு ஊரும் தெரியாது, ஊர் வாயும் தெரியாது. தன்னைத் தூக்கி வளர்க்கிறவரின் பெயரைப் பாட்டி வீட்டில் எல்லாரும் மாற்றிச் சொல்கிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

‘பெரியப்பா’ யோசனையை உங்கள் நாத்தனார் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். கேட்க இதமாகவும் இருக்கிறது; ‘அப்பா’ அதற்குள்ளேயே இருக்கிறதே. ஆனால் நம் உறவுமுறையில் பெரியப்பா என்றால் அப்பாவுக்கு அண்ணன். கணவர்கள் இருவரையும் அண்ணன் தம்பியாக்கிவிட்டு, அந்தப் பொய்யைக் குழந்தையின் வாயாலேயே தினமும் சொல்ல வைப்பதாகிவிடும். தோட்டத்தில் பக்கத்து லயத்துக்காரரைப் பெரியப்பா என்று நீங்கள் அழைத்திருப்பீர்கள். அப்போது உங்கள் அப்பாவின் இடத்தை யாரும் பறிக்கவில்லை. இங்கே பறிபோவது ஒரு தகப்பனின் இடம்.

தோட்டத்தில் வளர்ந்தவர் என்கிறீர்கள். ஆயாக்கொட்டகை உங்களுக்கு மறந்திருக்காது. விடியுமுன் அம்மாமார்கள் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரக் காட்டுக்குள் நுழைந்துவிடுவார்கள். புடவைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகளை ஆட்டுவதும், அழுதால் எடுத்துப் பால் புகட்டுவதும் ஆயாவின் வேலை. யார் பெற்ற பிள்ளை என்று பார்த்தா அவர் தூக்கினார்? அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகும் கடைத்தெருவில் அவரைக் கண்டால் “ஆயா” என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வளர்த்தவருக்கு உரிய பெயரைக் கொடுக்கத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படியானால் எந்தப் பெயர்? ‘அப்பா’, ‘பாபா’ என்ற ஏற்பாடே எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் மகன் தமிழில் தகப்பன், அவர் சீனத்தில் தகப்பன். இருவரில் யாருக்கும் குறைவில்லை. அவர் சிறுவயதில் தன் தகப்பனாரை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார். அதே அழைப்பைத் தன் மகள் வாயால் கேட்க ஆசைப்படுகிறார். அந்த ஆசைக்கு உங்கள் மகன் இடம் கொடுக்க வேண்டும். இருவரும் அப்பா என்றாலும் தவறில்லைதான். ஆனால் நடு இரவில் அவள் “அப்பா” என்று அழும்போது யாரைத் தேடுகிறாள் என்று தெரியாமல் இருவருமே திண்டாடுவார்கள். உதடு ஒட்டிப் பிறக்கும் ஒலிகள்தான் மழலைக்கு முதலில் வசப்படும். ஆகவே தொடக்கத்தில் அவள் இரண்டையும் குழப்புவாள். திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம். மூன்று நான்கு வயதில் அவளாகவே புதிதாக ஒரு பெயர் வைத்தாலும் வைக்கட்டும்.

உங்கள் மகளின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆஸ்திரேலியாவில் 2017 டிசம்பரிலிருந்து இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும். நம் மலேசியாவில் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடக்கும் திருமணத்தை மட்டுமே ஏற்கிறது. ஆண்களுக்கிடையிலான உடலுறவு தண்டனைச் சட்டப்படி இன்னும் குற்றம். எனவே எச்சரிக்கை தேவை. ஆனால் அந்த எச்சரிக்கையைச் சுமக்க வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நீங்கள். நம்பிக்கையான உறவினர்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள். மற்றவர்கள் கேட்டால், “என் பேத்தி, மெல்பர்னிலிருந்து வந்திருக்கிறாள்” என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. குடும்பப் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்ப வேண்டாம் என்று வீட்டில் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிறப்புச் சான்றிதழின் நகல்கள் இருவர் பையிலும் இருக்கட்டும். திடீரென்று கிளினிக்குக்கு ஓட வேண்டி வந்தால் உதவும்.

“தாயில்லாப் பிள்ளை” என்று யாராவது உச்சுக்கொட்டினால் கலங்காதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் பல ஆண்டு ஆய்வுகளைப் பரிசீலித்து 2013இல் நிலைப்பாடு ஒன்றை வெளியிட்டது. பெற்றோர் ஆணா பெண்ணா என்பதைவிட, குழந்தைக்கு அவர்களோடு உள்ள பிணைப்பும் குடும்பத்துக்குக் கிடைக்கும் ஆதரவுமே அதன் நலனைத் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். அந்த ஆதரவில் உங்கள் வீடும் சேர்த்தி. தன்னை வயிற்றில் சுமந்த பெண்ணைப் பற்றி அவள் கேட்கும் நாளில் தகப்பன்மார் உண்மையைச் சொல்வார்கள். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

காதுகுத்துக்கு வருகிறேன். தாய்மாமன் மடிக்கு எங்கே போவது என்ற கவலை உங்களுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு தகப்பன்மார் உள்ள வீட்டில் அவர்களுடைய சகோதரர்கள் எல்லாரும் பெரியப்பா, சித்தப்பா. சகோதரிகள் எல்லாரும் அத்தை. ஆனால் அத்தையின் கணவரும் மாமாதானே! உங்கள் மகளுக்குத் திருமணமாகியிருந்தால் உங்கள் மருமகன் மடியில் குழந்தையை உட்கார வையுங்கள். மகளுக்கு அத்தை என்ற உரிமையையும் அன்றே கொடுத்துவிடுங்கள். சீர்த்தட்டை அவளே தூக்கி வரட்டும். சபையில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் அவளுடைய பயம் பாதி குறைந்துவிடும்.

தீபாவளி காலையில் வீட்டில் எல்லார் தலையிலும் எண்ணெய் வைப்பீர்கள் அல்லவா? அவர் தலையிலும் வையுங்கள். அவரைத் “தம்பி” என்று கூப்பிடுங்கள், போதும். குழந்தையை அவரிடம் நீட்டும்போது “பாபாகிட்ட போ” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பாட்டி சொல்வதைத்தான் வீடு சொல்லும்.

இதையெல்லாம் மகனிடம் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். அப்படியே அவருடைய பிறந்த தேதியையும் நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீனக் குடும்பத்தில் நட்சத்திரம் பார்த்து வைத்திருக்க மாட்டார்கள். கோயில் குருக்களிடம் கொடுத்தால் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார். காதுகுத்து அன்று அர்ச்சனைச் சீட்டில் குழந்தையின் பெயரோடு இருவர் பெயரையும் நட்சத்திரத்தையும் எழுதிக் கொடுங்கள்.