எச்.ஐ.வி. இருந்தால் கனடா மெடிக்கலில் என்ன ஆகும்? – கேள்வி பதில்

கேள்வி: எனக்கு எச்.ஐ.வி. உண்டு. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் தரும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறேன். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. கனடா பி.ஆர்.-க்கு (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) மெடிக்கல் வரப்போகிறது. "ஒரு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போனால் தெரியாது" என்கிறார் ஏஜென்ட். செய்யலாமா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: கூடவே கூடாது. அங்கே முதலில் தேடுவது வைரஸுக்கு எதிராக உடலில் உருவான ஆன்டிபாடியை. மாத்திரை சாப்பிட்டாலும் நிறுத்தினாலும் அது ரத்தத்தில் இருக்கும், முடிவு பாசிட்டிவ்தான். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மறுபடி பெருகும். அதன் பிறகு வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கேட்டால், கெட்டுப்போன அறிக்கையைத்தான் உங்களால் கொடுக்க முடியும். இப்படி யோசனை சொல்பவருக்கு ஃபீஸ் வேறு கொடுக்கிறீர்கள்!

15 வயது முதல் எல்லோருக்கும் இந்தச் சோதனை 2002-லிருந்து கனடா மெடிக்கலில் கட்டாயம். ஆனால் பாசிட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் நிராகரிப்பதில்லை. உங்கள் சிகிச்சையால் அந்நாட்டு அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்பதுதான் கேள்வி. அந்தச் செலவுக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால்தான் சிக்கல். அந்த வரம்பை 2018-இல் மும்மடங்காக்கினார்கள். 2025-இல் அது ஆண்டுக்கு 27,162 கனடிய டாலராக இருந்தது. பொதுவாக ஐந்தாண்டுச் செலவைக் கூட்டிப் பார்ப்பார்கள். மருந்துக்குக் கனடா விலைதான் கணக்கு, நம்மூர் விலை அல்ல.

அதனால் மருத்துவரின் கடிதத்தில் "ஏ.ஆர்.டி. எடுக்கிறார்" என்று மட்டும் இருந்தால் போதாது. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் என்பதுபோல, நீங்கள் சாப்பிடும் மருந்தின் பெயரும் அளவும் தெளிவாக இருக்க வேண்டும். கடைசி வைரல் லோடு, சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) அறிக்கைகளையும் காசநோய், கல்லீரல் அழற்சி உண்டா இல்லையா என்ற குறிப்பையும் சேர்த்து வையுங்கள். படிவத்தில் நோயை மறைத்தால் அது தனிக் குற்றம். பொய்த்தகவல் என்று ஐந்தாண்டு தடை விழும்.

பரிசோதிக்கும் டாக்டர் முடிவெடுப்பதில்லை, அறிக்கை அனுப்புவதோடு சரி. செலவு வரம்பைத் தாண்டும் என்று அதிகாரி நினைத்தால் முதலில் ஒரு கடிதம் வரும். பதில் தர 90 நாள் உண்டு. மலிவான ஜெனரிக் மருந்து, அதன் கனடா விலை, உங்கள் மருத்துவரின் கருத்து ஆகியவற்றைக் காட்டி வாதாட வேண்டிய இடம் இதுதான். பலர் அந்தக் கடிதத்தையே நிராகரிப்பு என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு விண்ணப்பித்தால், ஒருவருடைய முடிவு எல்லோரையும் கட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: கனடாவில் இருக்கும் கணவர் ஸ்பான்சர் செய்கிறார். எனக்கும் இந்தச் செலவுக் கணக்கு உண்டா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பரிசோதனை உண்டு, செலவுக் கணக்கு இல்லை. ஸ்பான்சர் செய்யப்படும் கணவன், மனைவி, சார்ந்த பிள்ளைகள், அகதிகள் ஆகியோருக்கு அதிலிருந்து விலக்கு. பெற்றோரை அழைத்தால் அந்த விலக்கு கிடையாது.

கேள்வி: அமெரிக்காவிலும் வளைகுடாவிலும் எப்படி?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: இரண்டும் நேர்எதிர். அமெரிக்கா 1987-இல் போட்ட தடையை 2010 ஜனவரி 4 முதல் நீக்கிவிட்டது. கிரீன் கார்டு மெடிக்கலில் எச்.ஐ.வி. சோதனையே இல்லை. காசநோய், சிபிலிஸ், கொனோரியா பார்ப்பார்கள். சவுதி, அமீரகம், குவைத் வேலை விசாவுக்கோ பாசிட்டிவ் என்றால் 'அன்ஃபிட்'தான், மேல்முறையீட்டுக்கு வழியில்லை. அங்கே இறங்கிய பின்னும் சோதிப்பார்கள். அதில் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏஜென்டிடம் பணம் கட்டுவதற்கு முன்பே அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் இந்தியாவின் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.